ஊர் இடிந்த மேடும் சிட்டக் குவியலும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில் மேற்காசியாவின் இடிபாட்டு மேடுகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். புதையல் பற்றி மட்டும் பலர் கேட்டதால் அதற்கு ஒரே பதில்தான், அதுவும் சுருக்கமாக.

கே: ஒரு ஊர் இடிந்தால் கொஞ்சம் கல்லும் மண்ணும் கிடக்கும், சரி. அது எப்படி இருபது மீற்றர் உயர மேடாகும்? அவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? (உயர்தர மாணவி, பசறை)

ப: ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. ஈராக், சிரியா, துருக்கிச் சமவெளிகளில் பல இடங்களில் நல்ல மரமும் கல்லும் அரிது. மண்ணைத் தோண்டி, வைக்கோல் கலந்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த சுடாத மண்கல்தான் சுவர். தோண்டிய இடம் பள்ளமாகிறது, மண் ஊருக்குள் வந்து சேர்கிறது. திரும்பி வெளியே போவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் உள்ள ஒரே அறை வீடு. சுவர் 40 சென்ரிமீற்றர் தடிப்பு, இரண்டரை மீற்றர் உயரம். சுற்றுச்சுவர் 20 மீற்றர் நீளம் என்றால் ஏறக்குறைய 20 கன மீற்றர் மண், அதாவது 30 தொன்னுக்கு மேல். அது முழுவதும் அந்த 24 சதுர மீற்றருக்குள்ளேயே விழுந்து பரவினால் 80 சென்ரிமீற்றர் உயரும். பாதி மழையில் கரைந்து ஒழுங்கைக்குப் போய்விட்டது என்று வைத்தாலும் 40 சென்ரிமீற்றர் நிற்கும். அதே இடத்தில் பத்து முறை வீடு கட்டினால் 4 மீற்றர். ஒழுங்கைகளும் சும்மா இருப்பதில்லை. அடுப்புச் சாம்பல், சாணம், எலும்பு, உடைந்த பானை எல்லாம் அங்கேதான் கொட்டப்படுகின்றன. ஒழுங்கை உயர உயர வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டி வரும், மழைநீர் உள்ளே வரும், பிறகு வீட்டுத் தரையையும் நிரப்பி உயர்த்த வேண்டியதுதான்.

மண்கல் சுவர் உச்சியிலிருந்து மட்டும் கெடுவதில்லை. அடியில்தான் பெரிய அரிப்பு. நிலத்திலிருந்து ஈரம் ஏறும்போது உப்பும் ஏறுகிறது. ஈரம் காயும்போது உப்பு பளிங்காகிச் சுவரின் பாதத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. கூரைத் தண்ணீர் தெறித்தும் அதே இடத்தைத்தான் தின்கிறது. பாதம் மெலிந்த சுவரைப் பழுதுபார்ப்பதைவிடத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது இலகு. மேல்பாதியை உள்ளே தள்ளி, அறையை நிரப்பி, மிஞ்சிய அடிச்சுவரின் மேலேயே புதுச்சுவர் எழுப்புவார்கள். அதனால்தான் அகழும்போது இடுப்பளவு, சில வேளை ஆளுயரச் சுவர்கள் அப்படியே கிடைக்கின்றன. துருக்கியின் சாத்தல்ஹூயுக்கில் இதைத் தெளிவாகக் காணலாம். கி.மு. 7100 அளவில் தொடங்கிய அந்த ஊரின் கிழக்கு மேடு 21 மீற்றர் உயரம். பழைய வீட்டின் சுவர்க்கோட்டிலேயே புது வீடும் எழும்பியிருக்கிறது. ஈராக்கின் எர்பில் கோட்டை மேடு சுற்றியுள்ள நகரத்தைவிட 25 முதல் 32 மீற்றர் வரை உயர்ந்து நிற்கிறது.

கே: அப்படியானால் நம் மலையகத்தில் ஏன் அப்படி ஒரு மேடும் இல்லை? இங்கே பழங்காலத்தில் ஆட்களே இருக்கவில்லையா? (ஆசிரியர், ஹட்டன்)

ப: ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போனதை மழையும் சரிவும் மேடாக நிற்கவிடவில்லை.

மேற்குச் சரிவுகளின் சில பகுதிகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தொடும். சுடாத மண்கல் அங்கே நிற்காது என்பதால் யாரும் அதில் கட்டவும் இல்லை. காட்டுக்கம்பு, வரிச்சு, மேலே மண் அப்பு, புல் கூரை. இப்படிப்பட்ட வீட்டின் சுவரில் பாதிக்கு மேல் மரம். மரத்தைக் கறையான் தின்றுவிடும், மண் கரைந்துவிடும், மிஞ்சுவது சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு மண்படை. போதாக்குறைக்கு இடமும் நிலையில்லை. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை மாறினால் குடியிருப்பும் மாறும். ஒரே புள்ளியில் ஆயிரம் ஆண்டு குந்தியிருந்தால்தான் மேடு.

இலங்கையில் உயரமாக மண்ணடுக்குச் சேர்ந்த இடங்கள் வரண்ட வலயத்தில்தான் இருக்கின்றன. அனுராதபுரத்தின் உள்நகரில் ஏறக்குறைய 10 மீற்றர் ஆழத்துக்கு மனிதர் வாழ்ந்த படைகள் உண்டு. 1989 தொடக்கம் 1994 வரை அங்கே பத்து மீற்றர் சதுரமாக ஒரு குழி இறக்கி, கி.மு. 4ஆம் நூற்றாண்டளவுப் படையிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளை எடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது மேடு என்றே தெரியாது, ஏனென்றால் நகரம் பரந்து கிடக்கிறது. மன்னார்ப் பக்கம் மாந்தை அப்படியல்ல. அது பார்த்த உடனேயே தெரியும் மேடு.

மலையகத்தில் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். பண்டாரவளையைச் சுற்றிய புல்மொட்டைக் குன்றுகளின் உச்சிகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படிகக்கல், சேர்ட் என்ற கடினக் கல் ஆகியவற்றாலான கருவிகளைப் பொறுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். உச்சி தட்டையாக இருப்பதால் அங்கே கிடந்தது கிடந்தபடி. சரிவில் கிடந்திருந்தால் எப்போதோ ஓடைக்குப் போயிருக்கும். இன்னொன்று குகைகள். கூரைப்பாறை மழையைத் தடுப்பதால் சாம்பலும் எலும்பும் நத்தையோடும் படைபடையாகச் சேர்ந்து நிற்கின்றன. கித்துள்கலை பெலிலென, குருவிட்டப் பக்கம் பட்டதொம்பலென இரண்டிலும் அடியிலுள்ள மண்படைகள் 30,000 ஆண்டு அளவுக்குப் போகின்றன. பட்டதொம்பலெனவில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்தன. மழைக்காட்டு ஆட்களுக்குக் கரையோடு தொடர்பு இருந்ததற்கு அதுவே சாட்சி. நம் பக்கத்து 'மேடு' பாறைக்குள்ளே இருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

கே: பலாங்கொடைப் பக்கம் எங்கள் காணியின் மேற்கு ஓரத்தில் கறுப்புக் கல் குவியலாகக் கிடக்கிறது. பாகு உருகி ஓடி உறைந்த மாதிரி இருக்கிறது, தூக்கினால் பாரம். எரிமலைக் கல்லா? (வாசகர், பலாங்கொடை)

ப: எரிமலை இல்லை. நீங்கள் எழுதிய விவரம் சிட்டத்துக்கு, அதாவது இரும்பு உருக்கும்போது பிரியும் கழிவுக்கு, அச்சொட்டாகப் பொருந்துகிறது. மலையகத்து மேடுகளில் நாம் மிகவும் மதிக்கும் வகை இதுதான், ஆனால் அதிகம் அழிவதும் இதுதான். றோட்டுக் குழிக்குப் போட நல்ல சாமான் என்று லோட் கணக்கில் அள்ளிப் போய்விடுகிறார்கள்.

உறுதிப்படுத்த வழி: ஒரு பக்கம் கயிறு சுருண்டது போன்ற ஓட்டக் கோடுகள், உடைந்த பக்கத்தில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள், இடையிடையே கரி பதிந்த அச்சு. இயற்கையான செம்பாறையில் இவை இரா. காந்தத்தை வைத்தால் சிட்டம் பெரும்பாலும் மெதுவாகத்தான் இழுபடும், அல்லது இழுபடாது. பலமாக இழுத்தால் உள்ளே இரும்புத் துண்டு சிக்கியிருக்கலாம். பக்கத்தில் ஒருபுறம் கண்ணாடி போல் உருகி மற்றப்புறம் செம்மண் நிறமாக இருக்கும் களிமண் குழாய்த் துண்டுகளைத் தேடுங்கள். உலைக்குக் காற்றுப் போன குழாய்வாய்கள் அவை. அவை கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

மேற்கு ஓரம் என்று எழுதினீர்களே, அதில்தான் விடயம் இருக்கிறது. சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் அப்பகுதியில் நடந்த கள ஆய்வில், மேற்கு நோக்கிய குன்று விளிம்புகளில் வரிசையாக உலைகள் வெளிப்பட்டன. கி.பி. 7 தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. ஆய்வு செய்தவர் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப். அந்த உலைகள் ஆடி ஆவணியில் வீசும் தென்மேல் பருவக்காற்றைத் துருத்தி இல்லாமலே பயன்படுத்தின என்று அவர் காட்டினார். அதே அமைப்பில் உலை கட்டிப் பரீட்சித்து, கரிச்சத்து மிகுந்த உருக்கு வருவதையும் நிறுவினார். முடிவு 1996இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தது. உலை வட்டமாக இல்லை, விளிம்பை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். பின்சுவர் நிலையானது. காற்றை எதிர்கொள்ளும் முன்சுவர் ஒவ்வொரு உருக்கலுக்கும் பிறகு உடைத்துப் புதிதாகக் கட்டப்படும். உடைத்த முன்சுவரும் சிட்டமும் கீழ்ச்சரிவில் கொட்டப்பட்டே உங்கள் குவியல்.

ஆகவே குவியலைத் தொடாமல், அதற்கு நேர்மேலே உள்ள விளிம்பைப் பாருங்கள். சிவந்து வெந்த மண் கோடு தெரிந்தால் உலை இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் கான் (வடிகால்) வெட்டவோ, பெக்கோ இயந்திரம் இறக்கவோ வேண்டாம்.

கே: இப்படிப்பட்ட மேடுகளுக்குள் புதையல் இருக்குமா? (பலர்)

ப: இராது. மேடு என்பது ஒரு ஊரின் குப்பையும் இடிந்த சுவரும். தங்கம் வைத்திருந்தவன் போகும்போது கொண்டுபோயிருப்பான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுக்கப்படாத தொல்பொருள் யாவும் அரசுக்கு உரியவை. சொந்தக் காணியாக இருந்தாலும் தொல்பொருளுக்காகத் தோண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். பூசைக்காரரின் மை பார்வை அனுமதிப் பத்திரம் ஆகாது.

கே: கிழங்குக்கு நிலம் கொத்தும்போது பானையோடு வருகிறது. கீழே பழைய ஊர் இருக்கிறதா, அல்லது மேலேயிருந்து அடித்து வந்ததா? எப்படித் தெரிந்துகொள்வது? (மரக்கறித் தோட்டக்காரர், வெலிமடை)

ப: ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். விரலால் தடவினால் கூர்மையாக, உடைந்த முகம் சொரசொரப்பாக இருந்தால் அது அதிகம் பயணப்படவில்லை. விளிம்பு மழுங்கி, சோப்புத்துண்டு தேய்ந்தது போல் இருந்தால் தண்ணீரோடு உருண்டு வந்தது. பிறகு அளவு. எல்லாமே நகத்தளவுத் துண்டு என்றால் ஓடிவந்ததோ, பலமுறை மம்பட்டி பட்டதோ தான். உள்ளங்கையளவும், அதோடு வாய்விளிம்பும் அடிப்பாகமும் கலந்து வந்தால் மூலம் கிட்டத்தில் இருக்கிறது.

கரிப்படிந்த மண், சுட்ட களிமண் கட்டிகள், எலும்பு ஆகியவை ஓட்டோடு சேர்ந்து வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஓடு மட்டும் தனியே பரவலாக வருமானால் பழைய எரு போட்ட நிலமாக இருக்கலாம். வீட்டுக் குப்பையோடு உடைந்த சட்டியும் எருவாகத் தோட்டத்துக்குப் போவது இன்றும் நடக்கிறதுதானே.

நம் சரிவுகளில் ஏமாற்றும் மேடுகளும் உண்டு. மண்சரிவின் அடிவாரத்தில் மேடு நிற்கும், ஆனால் அங்கே படை இல்லை. கூர்க்கல்லும் மண்ணும் ஒன்றாகக் கலக்கியது போல் கிடக்கும், மேலே நிற்கும் மரங்களின் அடி வளைந்திருக்கும். தேயிலைக் கானிலிருந்து அள்ளிக் கொட்டிய மண் நீளவாக்கில், கானுக்குச் சமாந்தரமாக ஓடும். புற்று மண்ணில் ஓடே வராது, வந்தாலும் கறையான் கீழிருந்து தூக்கிக்கொண்டு வர முடியாத அளவாக இருந்தால் அது பிறகு விழுந்தது.

இனி செய்ய வேண்டியது. கொத்துவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். கிடந்தபடியே ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் அடிமட்டமோ, இல்லாவிட்டால் பத்து ரூபாக் குற்றியோ வைத்து. எத்தனை அங்குல ஆழத்தில் வந்தது, பீலியிலிருந்தோ மதகிலிருந்தோ எத்தனை எட்டு தூரம் என்று எழுதுங்கள். எடுத்த ஓட்டைத் தேய்த்துக் கழுவாதீர்கள். உள்பக்கத்தில் உணவுக் கரி ஒட்டியிருந்தால் அதிலிருந்து வயது கணிக்க முடியும். வெளிப்பக்கத்துக் கீறல் எழுத்தாகவும் இருக்கலாம். மண்ணோடு நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பையிலும் திகதியும் இடமும், பென்சிலால். குமிழ்முனைப் பேனா மை ஈரத்தில் பரவிவிடும். பிறகு கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லி, அவர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சட்டப்படியும் அறிவிக்க வேண்டும். காணி பறிபோகும் என்ற பயத்தில்தான் பலர் ஓட்டை மூடிப் புதைக்கிறார்கள். நாலு ஓட்டுக்காக யாரும் கிழங்குப் பாத்தியைச் சுவீகரிக்கப் போவதில்லை.

கே: தொல்லியலாளர் ஏன் அவ்வளவு மெதுவாகத் தோண்டுகிறார்கள்? நம் ஆட்கள் பத்துப் பேர் மம்பட்டியோடு இறங்கினால் ஒரு கிழமையில் முடியாதா? (வாசகி, தலவாக்கலை)

ப: முடியும். 1870களில் ஹைன்ரிக் ஷ்லீமன் அப்படித்தான் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் நீளமாக ஒரு பெரிய அகழி வெட்டினார். கிரேக்க இதிகாசப் போர் நடந்த திரோய் நகரம் அடியில்தான் இருக்கும் என்று நினைத்து மேலே இருந்தவற்றை வாரி எறிந்தார். அவர் திரோய் என்று அறிவித்த மண்படை, அந்தப் போர்க்காலம் என்று கருதப்படுவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியது. தேடிய காலத்துக் கட்டடங்களில் ஒரு பகுதி அவருடைய ஆட்களின் கூடையிலேயே வெளியேறிவிட்டது.

மெதுவாகச் செய்வது என்றால் இதுதான். மேட்டை 5 மீற்றர் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஓரத்தில் அரை மீற்றர் விட்டு உள்ளே 4 மீற்றர் மட்டும் தோண்டுவார்கள். விட்ட வரம்புச் சுவர்தான் மண்ணடுக்கைக் காட்டும் முகம். மேசன் கரண்டியால் சீவி, தண்ணீர் தெளித்தால் நிற வேறுபாடு தெளியும். நிறமோ இறுக்கமோ மாறும் இடத்தில் புது இலக்கம். ஆழத்தை அளந்து 20 சென்ரிமீற்றர், 40 சென்ரிமீற்றர் என்று சமமாக வெட்டினால் எல்லாம் கெடும், ஏனென்றால் படைகள் மட்டமாகக் கிடப்பதில்லை. ஒரு பக்கம் 20இல் இருப்பது மறுபக்கம் 60இல் கிடக்கும். மண்ணைச் சல்லடையில் அரித்து, ஒரு பகுதியைத் தண்ணீரில் கலக்கி, மிதக்கும் கருகிய விதைகளை நுண்ணிய வலையில் பிடிப்பார்கள். குரக்கனா நெல்லா என்பது இங்கேதான் தெரியவரும்.

பெரிய வில்லன் குழி. மேலிருந்த காலத்தவர் ஒருவர் தானியக்குழியோ மலக்குழியோ தோண்டினால் அது மூன்று நான்கு படைகளைத் துளைத்து இறங்கும். அதை நிரப்பிய குப்பையில் விழுந்த காசு, ஆழத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்நூறு ஆண்டு பழையதாகத் தெரியும். குழியின் ஓரக்கோட்டை முதலிலேயே பிடித்து, உள்மண்ணைத் தனியாக எடுத்துவிட வேண்டும். முள்ளம்பன்றி வளை, அழுகிய வேர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். உடையாத தரைக்குக் கீழே கிடைத்த பொருளுக்குத்தான் முழு நம்பிக்கை. ஒரு படையில் உள்ள பொருட்களில் எது மிகப் பிந்தியதோ, படை அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

கரித்துண்டு கிடைத்தால் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். பஞ்சு, கடதாசி போன்றவற்றின் நார் ஒட்டினால் கரிம வயதுக் கணிப்பு பிசகும். இன்னொரு பிசகு மரத்திலேயே இருக்கிறது. இருநூறு வயது மரத்தின் நடுவயிரம் எரிந்த கரி, அடுப்பு மூட்டிய நாளைக் காட்டாது, அந்த வயிரம் வளர்ந்த நாளைக் காட்டும். விதையோ சின்னச் சுள்ளியோ அதைவிட நம்பகம். கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழக் கரிமாதிரிக்குக் கி.மு. 580 என்று வந்ததைப் படித்திருப்பீர்கள். ஆழம், படை, மாதிரி மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடிந்ததால்தான் அந்த இலக்கத்துக்குப் பெறுமதி.

மழைக்காலத்தில் வரம்புச் சுவர் இடிந்து ஆளை அமுக்கும். நம் சரிவில் இது இரட்டிப்பு ஆபத்து. ஒன்றரை மீற்றருக்குக் கீழே போகும் குழியைப் படியாக வெட்டாமல் இறங்கக்கூடாது.

கே: மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட ஒரு நல்ல மேடு சொல்லுங்கள். (அதிபர், மாத்தளை)

ப: மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அந்த மேட்டிலேயே இருக்கிறது. கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் மேட்டைச் சுற்றி நடக்கவையுங்கள், இரட்டை அகழியின் பள்ளம் இன்றும் தெரியும். 1980களின் அகழ்வில் சீன ஓடும் மேற்காசிய மெருகோடும் அங்கே கிடைத்தன. கிட்டத்தில் வேண்டுமானால் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவை. அது குடியிருப்பு மேடல்ல, கற்பலகைப் பெட்டிகளில் அடக்கம் செய்த ஈமக்காடு. ஒரு பொருளும் பொறுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: எங்கள் தோட்டத்தின் பழைய நம்பரில் (மலைப்பிரிவில்) காப்பிக்கால லயன் (தொழிலாளர் வரிசை வீடு) இடிந்து மேடாகக் கிடக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதையும் தொல்லியல் மேடு என்று சொல்லலாமா? (வாசகர், மடுல்சீமை)

ப: சட்டம் ஒன்றைச் சொல்கிறது, அறிவு வேறொன்றைச் சொல்கிறது. கட்டளைச் சட்டத்தின் பொதுவான எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். காப்பித் தோட்டங்கள் அதற்குப் பிந்தியவை, ஆகவே அந்த வரையறைக்குள் தாமாக விழுவதில்லை. ஆனால் முறைப்படி பார்த்தால் அது மனிதர் வாழ்ந்து இடிந்த படைதான். உங்கள் ஊருக்குத் தனிச் சிறப்பும் உண்டு. காப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் மடுல்சீமையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி போய்விட்டது. சில லயன்கள் அப்படியே தேயிலைக்கு மாறின, சில கைவிடப்பட்டன. கைவிடப்பட்டது என்றால் அதற்குள் இருப்பது காப்பிக்காலம் மட்டுமே, பின்னால் வந்தது கலக்கவில்லை. அதனால்தான் அது அருமை.

எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். வரிச்சுச் சுவரும் மானாப்புல் கூரையும் கொண்ட லயன் இடிந்தால் மண் முழங்கால் அளவுகூட உயராது. உயரமாகத் தெரிவது பெரும்பாலும் சரிவை வெட்டி மட்டப்படுத்திய திட்டும், அதன் கீழ்ப்பக்கக் கல்கட்டும். அந்தக் கல்கட்டு நேர்க்கோட்டில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இஸ்தோப்பு (முன் திண்ணை) விளிம்புக் கற்கள். அதற்கு உள்ளே காம்பிராக்களை (அறைகளை) பிரிக்கும் குறுக்குக் கல்வரிசை, சீரான இடைவெளியில் வரும். ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரே மூலையில் சிவந்து வெந்த மண் இருந்தால் அடுப்பு. கிட்டத்தில் மரத்தடியில் நட்ட கல்லோ சூலமோ இருந்தால் சாமி இடம். லயன் போனாலும் அது போவதில்லை, திசை பிடிக்க நல்ல அடையாளம். அகலமாக, மட்டமாக, சாந்து பூசிய தளம் ஒன்று தனியே இருந்தால் காப்பி காயப்போட்ட தளமாக இருக்கலாம்.

தோண்ட வேண்டாம். புல்லைச் செதுக்காமல் அரிவாளால் அறுத்தெடுங்கள், வேரோடு பிடுங்கினால் மேல்படை கலங்கும். 30 மீற்றர் நாடா ஒன்று, இரண்டு ஆள், ஒரு கோட்டுத்தாள். நீளமான கல்வரிசையை அடிக்கோடாக வைத்து ஒவ்வொரு கல்லுக்கும் அதிலிருந்து செங்குத்துத் தூரத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற அளவில் வரையுங்கள். போத்தல், பீங்கான், அம்மி மேலே கிடந்தால் எந்தக் காம்பிராவில் என்று குறித்துவிட்டு இருந்த இடத்திலேயே விடுங்கள். போத்தலின் அடியில் உள்ள எழுத்தையும் அச்சுக்கோடு கழுத்தின் எந்த உயரம் வரை ஏறுகிறது என்பதையும் படம் எடுங்கள், காலம் பிடிக்க அது உதவும். தோட்டத்துப் பழைய அளவைப் படம் கந்தோரில் இருந்தால் உங்கள் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் சொல்லும் லயன் பெயரையும் எழுதுங்கள், கங்காணி பெயரில் வழங்கினால் அப்படியே. வரைபடத்தில் ஒரு பிரதியைப் பாடசாலைக்கும் ஒன்றைப் பிரதேச சபை நூலகத்துக்கும் கொடுங்கள். அந்த நம்பரில் மீள்நடுகை வருகிறதா என்று தோட்டக் கண்டக்டரிடம் விசாரித்து, வருமானால் நிலம் புரட்ட முன்னரே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.